வெற்றுக் கணு இருந்தும் இடம் கிடைக்காத ரோபோக்கள்: கோட்டுருவில் பரவல் படிமுறை குறித்த ஐயம்

கணுவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். முதுகலைக் கணினியியல் இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது, ஒரு கோட்டுருவின் (கணுக்கள் என்னும் புள்ளிகளும் அவற்றை இணைக்கும் விளிம்புகளும் கொண்ட வலையின்) மீது நடமாடும் ரோபோக்கள் மேலிருந்து யாரும் கட்டளையிடாமல் தாமாகவே கணுவுக்கு ஒன்றாகப் பிரிந்து அமர வேண்டும் என்னும் 'பரவல்' சிக்கல். சென்னை ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஜான் அகஸ்டினும் வில்லியம் மோசஸும் 2018-இல் வாரணாசியில் நடந்த மாநாட்டில் முன்வைத்த கட்டுரையிலிருந்து தொடங்கினேன்.

நான் கொண்டிருக்கும் மாதிரி இது. கணுக்களுக்குப் பெயர் இல்லை. அவற்றில் எதையும் எழுதி வைக்கவும் முடியாது. ஒரு கணுவிலிருந்து புறப்படும் விளிம்புகளுக்கு மட்டும் அந்தக் கணுவளவில் 0, 1, 2 என வாயில் எண்கள் உண்டு. ஒரே விளிம்புக்கு இரு முனைகளிலும் வெவ்வேறு எண்கள் இருக்கலாம். ஒவ்வொரு ரோபோவுக்கும் தனி அடையாள எண் உண்டு. ஒரே கணுவில் நிற்கும் ரோபோக்கள் மட்டுமே ஒன்றோடொன்று பேச முடியும். எல்லா ரோபோக்களும் ஒரே தாளத்தில் சுற்றுச் சுற்றாக நகர்கின்றன. இனி ரோபோக்களின் எண்ணிக்கையை ர என்றும், கணுக்களை க என்றும், விளிம்புகளை வி என்றும், ஒரு கணுவிலிருந்து புறப்படும் விளிம்புகளின் பெரும எண்ணிக்கையைப் ப என்றும் குறிக்கிறேன். ர எப்போதும் க-வுக்கு மிகாது.

எல்லா ரோபோக்களும் ஒரே கணுவில் தொடங்கினால், பைதானில் நான் எழுதிய ஆழமுதல் தேடல் (முடிந்தவரை முன்னேறி, வழி தீர்ந்தால் மட்டும் பின்வாங்கும் முறை) பிழையின்றி வேலை செய்கிறது. கூட்டம் ஒரு வெற்றுக் கணுவை அடைந்தால் மிகச் சிறிய எண்ணுள்ள ரோபோ அங்கே அமர்ந்து, கூட்டம் எந்த வாயிலின் வழியே வந்தது என்பதையும், கடைசியாக எந்த வாயிலின் வழியே வெளியேறியது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே யாரேனும் அமர்ந்திருக்கும் கணுவுக்குள் முன்னேறி வந்துவிட்டால் கூட்டம் வந்த வழியே திரும்புகிறது.

இரண்டு கூட்டங்கள் வெவ்வேறு கணுக்களில் தொடங்கும்போதுதான் சிக்கல். 10 கணுக்கள் கொண்ட ஒரு நேர்ப்பாதையை எடுத்து, இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை எண்ணிட்டேன் (இந்த எண்கள் நமக்காக மட்டுமே, ரோபோக்களுக்குத் தெரியாது). 2-ஆம் கணுவில் 7 ரோபோக்கள், 6-ஆம் கணுவில் 3 ரோபோக்கள். இரண்டாம் கூட்டம் வலப்புறமாகச் சென்று 6, 7, 8 ஆகியவற்றில் அமர்ந்துவிடுகிறது. முதல் கூட்டம் 1 முதல் 5 வரை நிரப்பிய பின், 6-இல் ஆள் இருப்பதைக் கண்டு திரும்பி, தொடங்கிய இடத்துக்கே வந்து, தேடல் முடிந்ததாகக் கருதி நின்றுவிடுகிறது. 9-உம் 10-உம் வெறுமையாக இருக்க, 2 ரோபோக்கள் இடமின்றி நிற்கின்றன. இது என் நிரலின் பிழையா, படிமுறையின் பிழையா?

இதோடு இன்னோர் ஐயமும் உண்டு. 100 கணுக்களுள்ள முழுமைக் கோட்டுருவில், அதாவது எல்லாக் கணுக்களும் ஒன்றோடொன்று நேரடியாக இணைந்திருக்கும் கோட்டுருவில், 100 ரோபோக்களை ஒரே கணுவில் வைத்து, வாயில் எண்களை வேண்டுமென்றே மோசமாக அமைத்து ஓட்டினால் 9,605 சுற்றுகள் ஆகின்றன. எந்தக் கணுவும் ஒரே அடி தூரத்தில் இருக்கும்போது இத்தனை சுற்றுகள் தேவைதானா?

அடவி எழுதியது:

நண்பர் கணுவன், உங்கள் நிரலில் பிழையில்லை. ஒற்றைக் கூட்டத்துக்கென வகுத்த விதியைப் பல கூட்டங்களுக்கும் அப்படியே நீட்டியதுதான் பிழை.

ஒற்றைக் கூட்டத்தில், அமர்ந்திருக்கும் ரோபோவைக் கண்டவுடன் திரும்பலாம் என்ற விதி ஏன் சரியாகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். எழுத இடமில்லாத கணுவுக்கு அதில் அமர்ந்த ரோபோவே நினைவகம். அந்த ரோபோ வைத்திருக்கும் இரண்டு வாயில் எண்களும் சேர்ந்துதான் தேடல் மரத்தை, அதாவது கூட்டம் கணுக்களைப் புதிதாக அடைந்த வழிகளின் அமைப்பை, உருவாக்குகின்றன. அமர்ந்த ரோபோ நம் மரத்தைச் சேர்ந்தது எனில், அதற்கு அப்பாலுள்ள பகுதியை நாம் ஏற்கெனவே தேடத் தொடங்கிவிட்டோம், அல்லது திரும்பும் வழியில் தேடுவோம் என்ற உறுதி இருக்கிறது. அமர்ந்திருப்பது வேறொரு மரத்தின் ரோபோ என்றால் அந்த உறுதி இல்லை. உங்கள் 6-ஆம் கணுவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது முதல் கூட்டத்துக்குத் தெரியாது, இரண்டாம் கூட்டமோ ஆள் தீர்ந்ததால் 8-ஓடு நின்றுவிட்டது. அடுத்தவர் வீட்டுக் கதவு மூடியிருப்பதைப் பார்த்துத் தெருவே முடிந்துவிட்டது என்று முடிவு கட்டியது போன்றதுதான் இது.

எனவே ஒவ்வொரு மரத்துக்கும் ஓர் அடையாளம் தேவை. மரத்தின் வேரில், அதாவது கூட்டம் தொடங்கிய கணுவில், அமர்ந்த ரோபோவின் எண்ணையே அதற்கு வைத்துக்கொள்ளலாம்; அமரும் ஒவ்வொரு ரோபோவும் தன் மரத்தின் எண்ணையும் சேர்த்து நினைவில் கொள்ளட்டும். இனி விதிகளை இப்படி மாற்றுங்கள். நகரும் கூட்டம் தன்னைவிடச் சிறிய மர எண்ணுடைய ரோபோவைச் சந்தித்தால், அந்தக் கணுவைப் புதிய கணுவாகவே கருத வேண்டும்: அங்கே யாரும் புதிதாக அமர்வதில்லை, ஆனால் அமர்ந்திருக்கும் ரோபோ தன் பழைய குறிப்புகளை அழித்துவிட்டுப் பெரிய மரத்தின் எண்ணையும் புதிய வாயில் குறிப்புகளையும் ஏற்கிறது. தன்னைவிடப் பெரிய மர எண்ணைச் சந்தித்தால் கூட்டம் தன் தேடலைக் கைவிட்டு அந்த மரத்தில் சேர்ந்துகொள்கிறது. சேர்வதற்கு அந்த மரத்தின் தேடல் இப்போது எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டும் அல்லவா? தாய்வாயில்களை, அதாவது கூட்டம் முதலில் வந்த வாயில்களை, பிடித்துக்கொண்டு வேர்வரை ஏறி, அங்கிருந்து ஒவ்வொரு கணுவிலும் கடைசியாகப் பயன்பட்ட வாயிலைப் பின்பற்றி இறங்கினால் தேடலின் முனை கிடைத்துவிடும். முனை இன்னும் நகர்ந்துகொண்டிருந்தால் துரத்திச் செல்ல வேண்டியிருக்கும். ஆனால் தேடல் என்றேனும் ஓர் இடத்தில் நிற்கும் என்பதால் துரத்தலும் முடிவுக்கு வரும்.

இந்த விதிகளின்படி எந்தக் கூட்டமும் அடைபட்டுப் போகாது என்பதைச் சுருக்கமாக நிறுவலாம். ஒரு கூட்டம் ஆட்கள் மீதமிருக்கையிலேயே தேடலை முடித்துவிட்டது என்று கொள்வோம். பெரிய மர எண் எதையும் அது சந்திக்கவில்லை, ஏனெனில் சந்தித்திருந்தால் சேர்ந்திருக்கும். சிறிய எண்ணுள்ளவற்றையெல்லாம் தன்னுடையதாக்கிக்கொண்டது. ஆக, அதன் மரத்துக்கு வெளியே செல்லும் விளிம்பு ஒன்றுகூட மீதமில்லை, அதாவது முழுக் கோட்டுருவையும் அது சுற்றிவிட்டது. எல்லாக் கணுக்களிலும் ஆள் இருந்தும் இன்னும் ஒரு ரோபோ மீதம் என்றால் ரோபோக்கள் கணுக்களைவிட அதிகம் என்றாகும். அது நம் அனுமானத்துக்கு முரண்.

இது எளிய வடிவமே அன்றி வேகமான வடிவம் அன்று. ஒரு கணுவை ஒரு மரம் எழுத, அடுத்த மரம் அழித்து எழுத, அதையும் இன்னொன்று அழித்து எழுத நேரிடும். தொடக்கக் கூட்டங்கள் எத்தனையோ அத்தனை மடங்கு வேலை கூடக்கூடும். அஜய் க்ஷேம்கல்யாணி, அனிசுர் ரஹமான் மொல்லா, கோகர்ண சர்மா ஆகியோர் 2019-இல் அந்த மடங்கை அதன் மடக்கை (லாகரிதம்) அளவுக்குக் குறைத்தார்கள். 2021-இல் க்ஷேம்கல்யாணியும் சர்மாவும், மர எண்ணைப் பார்க்காமல் மரத்தின் அளவைப் பார்த்துப் பெரியது சிறியதை விழுங்குமாறு அமைத்து, அந்த மடக்கைக் காரணியையும் நீக்கினார்கள். திட்டப்பணிக்கு முதலில் எளிய வடிவத்தை எழுதி, அது சரியாக ஓடிய பிறகு இந்த விழுங்கும் வடிவத்தைத் தொடுவது நல்லது; விழுங்கும் மரம் சிறிய மரத்தின் ரோபோக்களைத் திரட்டிக்கொண்டு போகும் பகுதியில்தான் பிழைகள் ஒளிந்திருக்கும்.

கணுவன் எழுதியது:

அடவி அவர்களுக்கு நன்றி. வேருக்கு ஏறிப் பின் முனைக்கு இறங்கும் வழி எனக்குத் தோன்றவே இல்லை. 'கடைசி வாயில்' குறிப்பை அடுத்த வாயிலைக் கணக்கிட மட்டுமே வைத்திருந்தேன்.

இதையொட்டி ஒரு துணைக் கேள்வி. என் வழிகாட்டி, ரோபோக்களுக்கு அடையாள எண் எதற்கு, எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருந்தால் என்ன என்று கேட்டார். எண் இல்லாவிட்டால் யார் அமர்வது என்று தீர்மானிக்க முடியாது என்றேன். அதை நிரூபணமாகச் சொல்லும்படி கேட்டபோது திணறிவிட்டேன்.

நெடுங்கணக்கு எழுதியது:

நிரூபணம் இரண்டு வரிதான். ஒரே கணுவில் ஒரே உள்நிலையோடு நிற்கும் இரண்டு ரோபோக்களை எண்ணிப் பாருங்கள். இரண்டும் காண்பது ஒன்றே, கேட்பது ஒன்றே, இயக்கும் படிமுறையும் ஒன்றே. படிமுறையில் சீரற்ற தேர்வுக்கு இடமில்லை எனில் இரண்டும் ஒரே வாயிலின் வழியே வெளியேறி, ஒரே கணுவை அடைந்து, அங்கும் ஒரே உள்நிலையோடு நிற்கும். இதுவே எல்லாச் சுற்றுகளிலும் தொடரும். அவை ஒருபோதும் பிரியா.

இதிலிருந்தே நினைவகத்தின் கீழெல்லையும் கிடைக்கிறது என்பதுதான் இந்த வாதத்தின் அழகு. ர ரோபோக்களும் ஒரே கணுவில் தொடங்கும்போது, அவற்றின் உள்நிலைகள் எல்லாம் வெவ்வேறாக இருந்தாக வேண்டும். ஒரு ரோபோவுக்குள்ள பிட்டுகள் ர-வின் 2 அடிமான மடக்கையைவிடக் குறைவு என்றால், கிடைக்கக்கூடிய நிலைகள் ர-வைவிடக் குறைவு. புறாக்கூண்டுத் தத்துவப்படி ஏதேனும் இரண்டு ரோபோக்கள் ஒரே நிலையில் இருந்தே தீரும். 1,000 ரோபோக்களுக்கு 9 பிட்டுகள் போதா, ஏனெனில் அவை தருவது 512 நிலைகளே. 10 பிட்டுகள் வேண்டும். உங்கள் படிமுறை ரோபோ எண்ணையும் வாயில் எண்ணையும் மட்டுமே வைத்திருப்பதால் ர-வின் மடக்கையும் ப-வின் மடக்கையும் சேர்ந்த வரிசையிலேயே (அதாவது அதன் ஒரு மாறா மடங்குக்குள்ளேயே) நிற்கிறது; ஆகவே நினைவகத்தில் நீங்கள் விரயம் எதுவும் செய்யவில்லை.

ரோபோக்கள் நாணயம் சுண்ட அனுமதித்தால் இந்த வாதம் உடைந்துவிடும், ஏனெனில் ஒரே நிலையில் இருக்கும் இரண்டும் வெவ்வேறு முடிவெடுக்கலாம். மொல்லாவும் மோசஸும் 2019-இல் அந்த வழியில் கீழெல்லையைத் தாண்டிச் சென்றார்கள். உங்கள் வழிகாட்டி அடுத்து அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன்.

எட்டாம் வாயில் எழுதியது:

முழுமைக் கோட்டுரு பற்றிய கேள்விக்கு இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. உண்மையில் இந்தத் துறையின் கடந்த சில ஆண்டு உழைப்பின் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

முதலில் உங்கள் 9,605 எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். புதிய கணுவுக்குள் நுழையும் நகர்வுகள் 99; அவற்றைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் இரண்டாம் கணுவிலிருந்து கணக்கிட்டால், ஒவ்வொரு கணுவிலும் வந்த வாயிலை நீக்கியபின், ஏற்கெனவே நிரம்பிய மற்ற எல்லா அண்டைக் கணுக்களையும் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரிடுகிறது. எட்டிப் பார்ப்பதற்கு இரண்டு சுற்றுகள். 0 முதல் 97 வரையான எண்களின் கூட்டுத்தொகையை இரட்டித்தால் 9,506; அதனோடு 99. மரவிளிம்பை இருமுறையும் மற்ற விளிம்பை நான்கு முறையும் கடக்க நேரும் என்பதால், பொதுவாக முழுத் தேடலுக்கு 4வி − 2க + 2 என்பது மேலெல்லை. உங்கள் கோட்டுருவுக்கு அது 19,602. கடைசி ரோபோ அமர்ந்தவுடன் நின்றுவிடுவதால் அதில் ஏறக்குறைய பாதியில் தப்பித்தீர்கள். கீழெல்லையோ ர-வின் வரிசையிலேயே இருக்கிறது: நீண்ட பாதையின் ஒரு முனையில் எல்லாரும் நின்றால், மறுமுனைக்கு யாராவது ர − 1 அடிகள் நடந்தே ஆக வேண்டும். ர × ப என்ற மேலெல்லைக்கும் ர என்ற கீழெல்லைக்கும் நடுவே பல ஆண்டுகளாக இருந்த இடைவெளி இதுதான்.

இடைவெளியைக் குறைத்த வழி என்னவென்றால், அமர்ந்திருக்கும் ரோபோக்களையும் சிறிது நேரம் எழுப்பி வேலை வாங்குவது. உங்கள் எடுத்துக்காட்டில் 99-ஆம் கணுவில் கூட்டம் நிற்கிறது என்று கொள்ளுங்கள். இடம் தேடும் ரோபோ ஒன்றே ஒன்று, சோதிக்க வேண்டிய வாயில்கள் 98. அந்த ரோபோ ஒரு வாயிலின் வழியே சென்று, அங்கே அமர்ந்திருப்பவரையும் அழைத்துக்கொண்டு திரும்புகிறது. இப்போது தேடுவோர் இருவர், அவர்கள் அடுத்த இரண்டு வாயில்களில் சென்று இன்னும் இருவரை அழைத்து வர, நால்வர், பின் எண்மர். ஒன்று, மூன்று, ஏழு, பதினைந்து என்று சோதித்த வாயில்களின் எண்ணிக்கை வளர்ந்து, ஆறாம் நடையில் 63-ஐ எட்டி, ஏழாம் நடையில் 98-ஐயும் கடந்துவிடும். நடைக்கு இரண்டு சுற்றுகள் வீதம் 14 சுற்றுகளும், உதவிக்கு வந்தவர்கள் தத்தம் இடத்துக்குத் திரும்ப மேலும் ஒரு சுற்றும் ஆகும். ஒவ்வொன்றாகத் தட்டியிருந்தால் அந்த ஒரு கணுவிலேயே 194 சுற்றுகள் போயிருக்கும். உதவிக்கு வந்தவர் எந்த வாயில் வழியே வந்தோம் என்ற ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்தால் போதும்; கோட்டுருவில் இரட்டை விளிம்புகள் இல்லாதவரை வெவ்வேறு வாயில்கள் வெவ்வேறு கணுக்களுக்கே செல்லும் என்பதால், உதவியாளர் விட்டு வந்த வீட்டை வெற்று வீடு என்று இன்னொருவர் தவறாக எண்ணவும் வழியில்லை.

யூயிச்சி சுடோவும் அவருடன் பணியாற்றிய நால்வரும் 2023-இல் வெளியிட்ட முறை இந்தக் கருத்தின் மீது எழுந்தது. ஒற்றைத் தொடக்கத்தில், ர-வையும், ர, ப ஆகிய இரண்டில் சிறியதன் மடக்கையையும் பெருக்கிய வரிசையில் காலம் ஆகிறது, நினைவகம் கூடவில்லை. பல கூட்டங்கள் தொடங்கும்போது இன்னொரு மடக்கைக் காரணி சேர்கிறது. அங்கே, ஒரு கூட்டத்துக்கு வெறுமையாகத் தெரியும் கணு, வேறொரு கூட்டத்துக்கு உதவப் போயிருக்கும் ரோபோவின் வீடாக இருக்கலாம். அடவி அவர்கள் விவரித்த விழுங்கல் விதிகளோடு இதை அப்படியே ஒட்டினால் உங்கள் நிரல் முன்பைவிட மோசமாகக் குழம்பும், எச்சரிக்கையோடு செய்யவும். அதன் பின்னர், ஒத்திசைந்த சுற்றுகளில் ர-வின் வரிசையிலேயே முடிக்கும் முறையும் மடக்கை அளவு நினைவகத்திலேயே கிடைத்துவிட்டது. அங்கே தந்திரம் வேறு: சில கணுக்களில் யாரையும் நிரந்தரமாக அமர்த்தாமல், பக்கத்துக் கணுவின் ரோபோவே இரண்டுக்கும் மாறி மாறிக் காவல் நிற்க, மிச்சப்படும் ரோபோக்கள் தேடலுக்குப் பயன்படுகின்றன.

பழைய நிரலர் எழுதியது:

கிடங்கு ரோபோக்களின் கட்டுப்பாட்டு மென்பொருளில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்களிடம் மையக் கணினி இருந்தது, வரைபடம் இருந்தது, தரையில் ஒட்டிய குறிகள் இருந்தன. ஒரு ரோபோ எங்கே நிற்கிறது என்று தெரியாத நேரமே கிடையாது. இந்த மாதிரியில் அந்த மூன்றும் இல்லை. அது போகட்டும், அறிந்தே வைத்த கட்டுப்பாடு என்று ஏற்கலாம். ஆனால் 32 ரோபோக்கள் ஒரே கணுவில் குவிந்து, அடுத்த சுற்றில் கலைந்து, மறுபடி குவிவது என்பது நான் பார்த்த எந்தத் தளத்திலும் நடக்காது. இரண்டு ரோபோக்கள் எதிரெதிரே ஒரு சந்துக்குள் வந்தாலே ஒன்று பின்வாங்க வேண்டும். கணுவின் கொள்ளளவையும் விளிம்பின் கொள்ளளவையும் வரம்பில்லாமல் விட்டுவிட்டுச் சுற்றுகளை மட்டும் எண்ணுவது, கல்யாண மண்டபத்தின் அளவைப் பார்க்காமல் பந்தியின் நேரத்தைக் கணக்கிடுவது போல் இருக்கிறது.

அடவி எழுதியது:

பழைய நிரலர் சொல்வது நியாயமே. நானும் மறுக்க வரவில்லை. ஆனால் அகஸ்டினும் மோசஸும் முதல் கட்டுரையில் சுட்டிய எடுத்துக்காட்டு கிடங்கு அன்று. தானோட்டி மின்கார்கள் மின்னேற்று நிலையங்களைத் தேடிப் பிரிந்து செல்வதுதான். நிலையத்தில் நின்று மின்னேற்ற மணிக்கணக்கு ஆகும், அடுத்த நிலையத்துக்கு நகர்வதற்கு நிமிடங்கள்தான். அத்தகைய இடத்தில் 'கணுவுக்கு ஒருவர்' என்பதே முதன்மையான கட்டுப்பாடு, சாலையில் எத்தனை கார்கள் சேர்ந்து போகின்றன என்பது அடுத்த கவலை. உதவியாளர்களை எழுப்பும் முறை அந்த எடுத்துக்காட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: பாதி மின்னேறிய காரை அடுத்தவருக்கு இடம் தேட எழுப்பினால் யார் ஒப்புவார்? அந்த முறையின் மதிப்பு, நினைவகம் கூடாமல் காலம் எவ்வளவு குறையும் என்ற கேள்விக்கு விடை தந்ததில்தான் இருக்கிறது. கணுவன் தம் அறிக்கையில் இந்த வேறுபாட்டை ஒரு பத்தியாக எழுதினால் தேர்வாளரிடம் அகப்பட்டுக்கொள்ள மாட்டார்.

கணுவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மர எண் விதிகளைச் சேர்த்து நேற்றிரவு ஓட்டிப் பார்த்தேன். முதல் கூட்டத்தில் 1 முதல் 7 வரை, இரண்டாவதில் 8 முதல் 10 வரை எண்ணிட்டதால் இரண்டாம் மரமே பெரியது. முதல் கூட்டம் 2-ஆம் கணுவிலிருந்து இடப்புறம் முதலில் சென்றால், 6-ஆம் சுற்றில் இரண்டாம் மரத்தின் வேரைச் சந்தித்து, அதன் குறிப்புகளைப் பின்பற்றி 8-ஐக் கடந்து, 10-ஆம் சுற்றில் எல்லாரும் அமர்ந்துவிடுகிறார்கள்.

வலப்புறம் முதலில் சென்றால் கதை வேறு. 4-ஆம் சுற்றிலேயே வேரைச் சந்தித்து, 9, 10 ஆகிய கணுக்களை நிரப்பிய பின்னும் ஒரு ரோபோ மீந்துவிடுகிறது. யாரும் போகாத 1-ஆம் கணு பாதையின் மறுமுனையில் கிடக்கிறது. அந்த ரோபோ 10-இலிருந்து திரும்பி, 6-ஐக் கடந்து, தன் பழைய தோழர்கள் அமர்ந்திருக்கும் 5, 4, 3, 2 ஆகிய கணுக்களைப் பெரிய மரத்தின் பெயரில் மாற்றி எழுதிக்கொண்டே போய், 17-ஆம் சுற்றில் 1-இல் அமர்கிறது. அழித்து எழுதும் விதி இல்லாவிட்டால் அது 5-ஐக் கண்டவுடன் திரும்பியிருக்கும் என்பதைச் சுற்றுச் சுற்றாகத் திரையில் பார்த்தபோதுதான் அந்த விதியின் தேவை எனக்கு முழுமையாக விளங்கியது.

உதவியாளர் முறையை ஒற்றைத் தொடக்கத்துக்கு மட்டும் தனி நிரலாக எழுதப் போகிறேன். முழுமைக் கோட்டுருவின் எண்ணிக்கை வந்ததும் இங்கேயே பதிகிறேன்.